பாட்டன் காலத்து லென்ஸ். பேரன் காலத்துக் காமிரா!

பரணில் தூங்கும் கண்ணுக்கு மறுபிறவி

காமிராவுக்கு வயது இரண்டு. அதில் மாட்டியிருக்கும் லென்சுக்கு வயது அறுபது!

"இது என்ன பொருத்தம்?" என்று கேட்கிறீர்களா?

இந்தப் பொருத்தத்தைத்தான் இன்று உலகமெங்கும் போட்டோப் பிரியர்கள் செய்து வைக்கிறார்கள். காமிரா, ஜப்பானில் செய்தது. கைக்கு அடக்கமானது. உள்ளே பிலிம் கிடையாது. எல்லாம் மின்சார வேலை. லென்சோ, ரஷியாவில் செய்தது. பித்தளையும் அலுமினியமும் கண்ணாடியும் தவிர அதில் வேறு எதுவும் கிடையாது. ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. ஆனாலும் இரண்டும் சேர்ந்து படம் பிடிக்கின்றன. அதுவும் எப்படிப்பட்ட படம்! பார்த்தவர்கள் "எந்த ஸ்டூடியோவில் எடுத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது? நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய காமிராவுக்கும் இந்த யோகம் உண்டா? பார்ப்போம்.

கண் கெடவில்லை!

காமிராவின் கண் லென்ஸ்தான். வெளியே இருக்கும் உருவத்தைப் பிடித்து உள்ளே தருவது அதுவே.

பழைய பிலிம் காமிராக்கள் ஏன் மூலைக்குப் போயின? பிலிம் வாங்குவதும் கழுவுவதும் கஷ்டமாகிவிட்டது. சிலவற்றில் உள்ளே இருந்த வில்லும் பல்சக்கரமும் பழுதாகிவிட்டன. அதனால் காமிராவை மூட்டை கட்டி வைத்தார்கள். பல வீடுகளில் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் கெட்டது உடம்புதான். கண் கெடவில்லை! கண்ணாடிக்கு வயது ஏது? ஈரமும் பூஞ்சணமும் தாக்காத லென்ஸ், செய்த நாளில் எப்படி வெளிச்சத்தை வளைத்ததோ, அப்படியே இன்றும் வளைக்கும்.

உடம்பு போய்விட்டது, கண் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கண்ணை வேறு உடம்பில் வைத்தால் என்ன? இந்த யோசனை இன்று நேற்று வந்தது அல்ல.

இளைப்பு நோய்க்காரர் செய்த காமிரா

ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்று ஓர் ஊர். அங்கே லைட்ஸ் என்ற மைக்ராஸ்கோப் தொழிற்சாலை இருந்தது. அதில் வேலை பார்த்தவர் ஆஸ்கர் பர்னாக்.

மலையும் காடும் சுற்றிப் படம் பிடிக்க அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவருக்கு இளைப்பு நோய். அந்தக் காலத்துக் காமிராவோ ஒரு பெட்டி. அதோடு கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் சுமக்க வேண்டும். மூச்சு வாங்குகிறவர் எப்படிச் சுமப்பார்?

"சிறிய படம் எடுத்துப் பெரிதாக்கிக் கொண்டால் போகிறது" என்று அவர் நினைத்தார். சினிமா எடுக்கும் 35 மில்லிமீட்டர் பிலிமை எடுத்துக்கொண்டார். ஒரு படத்துக்கு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் உயரமும் ஒதுக்கினார். 1914-ம் ஆண்டுக்குள் சட்டைப் பையில் போடும்படியான காமிராவைச் செய்து முடித்தார்.

அதே ஆண்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. காமிரா காத்திருந்தது. 1925-ம் ஆண்டில், லைப்சிக் நகரத்துச் சந்தையில் அது விற்பனைக்கு வந்தது. அதுதான் 'லைகா'!

1930-ம் ஆண்டில் இன்னொரு புதுமை வந்தது. லைகாவின் லென்சைத் திருகிக் கழற்றலாம். வேறு லென்சை மாட்டலாம். தூரத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று லென்சுகள் வந்தன. உடம்பு ஒன்று, கண்கள் பல!

ஜப்பான் கண்ணுக்கு மவுசு

1950-ம் ஆண்டு. டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கப் படக்காரர் ஜப்பானில் இருந்தார். 'லைப்' என்ற பத்திரிகைக்குப் படம் பிடிப்பவர் அவர்.

ஒரு நாள், ஜுன் மிகி என்ற ஜப்பானியப் படக்காரர் அவரைப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து டங்கன் அதிசயித்தார். அத்தனை தெளிவு! எடுத்தது ஜப்பானிய 'நிக்கார்' லென்ஸ். அக்காலத்தில் "ஜப்பான் சாமான்" என்றால் மட்டமான சாமான் என்று மேல்நாட்டில் நினைத்திருந்தார்கள்.

டங்கன் நேரே நிப்பான் கோகாகு என்ற தொழிற்சாலைக்குப் போனார். (இதன் பெயர்தான் பிற்பாடு 'நிக்கான்' என்று மாறியது.) லென்சுகளைச் சோதித்துப் பார்த்தார். பிறகு அவற்றை வாங்கித் தம்முடைய ஜெர்மன் லைகா காமிராவில் மாட்டிக்கொண்டார்!

அந்த ஜூன் மாதத்தில் கொரியாவில் யுத்தம் தொடங்கியது. ஜெர்மன் உடம்பும் ஜப்பான் கண்ணும் சேர்ந்த காமிராவோடு டங்கன் போர்க்களத்துக்குப் போனார். அந்தப் படங்களைக் கண்டு மேல்நாட்டுப் படக்காரர்கள் ஜப்பான் லென்சைத் தேடத் தொடங்கினார்கள்.

ஒரு கம்பெனியின் லென்சை இன்னொரு கம்பெனியின் காமிராவில் மாட்டுவது அன்றே நடந்தது என்பதற்கு இது சாட்சி. ஆனால் பிறகு வந்த காமிராக்களில் இது எளிதாக நடக்கவில்லை. காரணம், நடுவே ஒரு கண்ணாடி வந்து நின்றது.

நடுவே நின்ற கண்ணாடி

அது முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற சிறு கண்ணாடி. லென்சுக்கும் பிலிமுக்கும் நடுவே சாய்வாக நின்றது. லென்சில் வரும் உருவத்தை மேலே திருப்பி, படம் எடுப்பவரின் கண்ணுக்குக் காட்டியது. பொத்தானை அமுக்கியதும் 'டக்' என்று மேலே எழும்பி வழிவிட்டது. பழைய ஸ்டூடியோக்களில் கேட்ட அந்த 'டக்' சத்தம் இதன் சத்தமே!

வசதியான ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கண்ணாடி எழும்ப இடம் வேண்டுமே! அதனால் லென்சைப் பிலிமுக்குத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. 1949-ல் வந்த ஒரு ஜெர்மன் திருகு அமைப்பில் இந்தத் தூரம் சுமார் 45½ மில்லிமீட்டர். 1959-ல் வந்த 'நிக்கான் எப்' காமிராவில் 46½ மில்லிமீட்டர்.

ஒரு மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கும் சிறுவனைப் பாருங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வைத்தால்தான் வெளிச்சம் புள்ளியாகிறது. லென்சும் அப்படியே. தனக்கென்று வகுத்த தூரத்தில் நின்றால்தான் தொலைவில் இருக்கும் மலையும் கோபுரமும் தெளிவாக விழும். அதற்கு மேல் தள்ளி நின்றால் தொலைவில் உள்ளவை மங்கிவிடும்.

உயரம் போதாதவர் முக்காலி போட்டு ஏறிக்கொள்ளலாம். வாசற்படியில் தலை இடிக்கும் உயரக்காரர் என்ன செய்வார்? காலை வெட்டிக் கொள்ள முடியுமா? அதே கதைதான். தூரம் குறைவாக உள்ள காமிராவில் நடுவே வளையம் போட்டுத் தூரத்தைக் கூட்டலாம். தூரம் அதிகமாக உள்ள காமிராவில் அதைக் குறைக்க முடியாது.

இதனால் ஒரு கம்பெனி லென்சை இன்னொரு கம்பெனிக் காமிராவில் மாட்டுவது பெரும்பாடாயிற்று. லட்சக்கணக்கான லென்சுகள் தங்கள் காமிராவோடு சேர்ந்து மூலைக்குப் போயின.

கண்ணாடி போயிற்று, கதவு திறந்தது!

2008-ம் ஆண்டில் பானசோனிக் கம்பெனி 'ஜி 1' என்ற காமிராவை வெளியிட்டது. பானசோனிக்கும் ஒலிம்பசும் சேர்ந்து வகுத்த புதிய அமைப்பில் வந்த முதல் காமிரா அது. அதில் அந்தச் சாய்வுக் கண்ணாடியை எடுத்தே விட்டார்கள்!

பிறகு படம் எடுப்பவர் எப்படிப் பார்ப்பது? காமிராவின் உள்ளே பிலிமுக்குப் பதிலாகச் 'சென்சார்' என்ற தகடு இருக்கிறது. ஒளியை வாங்கி மின்சாரமாக மாற்றுவது அது. அந்தத் தகடு காணும் காட்சியையே ஒரு குட்டி டெலிவிஷனில் காட்டினார்கள். கண்ணாடி தேவைப்படவில்லை.

2009-ல் ஒலிம்பஸ் தன் சின்னஞ்சிறு காமிராவைக் கொண்டுவந்தது. 2010-ல் சோனியும் வந்தது. இப்போது பெரிய கம்பெனிகள் பலவும் இதே வழியில் காமிரா செய்கின்றன. கடைக்காரர்கள் இதை 'மிர்ரர்லெஸ் காமிரா' என்பார்கள்.

கண்ணாடி போனதால் இடமும் மிச்சமாயிற்று. பானசோனிக், ஒலிம்பஸ் அமைப்பில் லென்சுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் சுமார் 20 மில்லிமீட்டர்தான். சோனியில் 18 மில்லிமீட்டர்.

இப்போது கணக்குப் போடுங்கள். பழைய லென்ஸ் கேட்கும் தூரம் 45. காமிராவில் இருப்பது 20. மிச்சம் 25 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்த இடைவெளிக்குச் சரியாக ஓர் உலோக வளையம் கடைந்தார்கள். ஒரு பக்கம் பழைய லென்சுக்கு ஏற்ற மரை. மறு பக்கம் புதிய காமிராவுக்கு ஏற்ற பிடி. நடுவே வெறும் காற்று!

இதற்கு 'அடாப்டர்' என்று பெயர். முக்காலி கிடைத்துவிட்டது. பல நாட்டு லென்சுகளும் ஒரே காமிராவில் ஏறி உட்கார்ந்தன.

யுத்தத்தைத் தாண்டி வந்த லென்ஸ்

அப்படி ஏறி உட்கார்ந்தவற்றில் மிகவும் பேர் பெற்றது ஒரு ரஷிய லென்ஸ். பெயர் 'ஹீலியாஸ் 44'. ஹீலியாஸ் என்றால் கிரேக்கர்களின் சூரிய தேவன்.

பெயர் கிரேக்கம். செய்தது ரஷியா. ஆனால் பிறந்த வீடு ஜெர்மனி!

ஜெர்மனியில் ஜெனா என்ற ஊரில் சைஸ் கம்பெனி இருந்தது. கண்ணாடி வேலையில் உலகப் புகழ் பெற்றது. அங்கே வில்லி மெர்ட்டே என்ற நிபுணர் 'பயோட்டார்' என்ற லென்சை வகுத்தார். 1930-க்குப் பின் வந்த ஆண்டுகளில் அது சின்னக் காமிராக்களுக்கும் வந்தது.

பிறகு இரண்டாவது உலக யுத்தம். 1945-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கப் படை ஜெனாவைப் பிடித்தது. ஆனால் அந்தப் பகுதி ரஷியாவுக்கு என்று தலைவர்கள் பேசி முடித்திருந்தார்கள். ஆகவே அமெரிக்கர்கள் புறப்படும்போது, சைஸ் கம்பெனியின் முக்கியமான நிபுணர்களை மேற்கே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்து ரஷியர்கள் வந்தார்கள். தொழிற்சாலை யந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றினார்கள். 1946-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மீதி இருந்த நிபுணர்களிலும் பலரைக் குடும்பத்தோடு ரஷியாவுக்குக் கொண்டு போனார்கள்.

மூளை ஒரு பக்கம். யந்திரம் மறு பக்கம். ஒரே தொழிற்சாலை இரண்டாகப் பிளந்தது. வேலை செய்த மனிதர்களின் குடும்பங்களும் திசைக்கு ஒன்றாகச் சிதறின.

மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் என்ற ஊர். அங்கே இருந்த தொழிற்சாலையில், ஜெர்மன் பயோட்டாரின் வழியில் ஒரு லென்ஸ் உருவாயிற்று. அதுவே ஹீலியாஸ் 44. 1958-ம் ஆண்டில் 'ஸ்டார்ட்' என்ற ரஷியக் காமிராவில் வந்தது. பிறகு 'ஜெனித்' காமிராக்களோடு லட்சக்கணக்கில் உலகமெங்கும் போயிற்று.

விலை உயர்ந்த லென்சாக அதை யாரும் கொண்டாடவில்லை. காமிராவோடு கூட வரும் சாதாரண லென்ஸ் அது. அதைத்தான் இன்று இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்!

சுழலும் பின்னணி

அதில் அப்படி என்ன இருக்கிறது?

மரத்தடியில் ஒரு குழந்தையை நிறுத்துங்கள். ஹீலியாசைக் குழந்தையின் முகத்துக்குச் சரி செய்யுங்கள். முகம் தெளிவாக விழும். பின்னால் இருக்கும் இலைகளும், இலைகளின் நடுவே தெரியும் வெளிச்சப் புள்ளிகளும் கலங்கி விழும். அதோடு, குழந்தையைச் சுற்றிச் சக்கரம் சுழல்வது போலத் தோன்றும்!

உண்மையில் இது அந்த லென்சின் குறைதான். படத்தின் ஓரத்துக்கு வரும் வெளிச்சத்தை லென்சின் குழல் கொஞ்சம் மறைக்கிறது. அதனால் நடுவில் வட்டமாக விழும் வெளிச்சப் புள்ளி, ஓரத்தில் எலுமிச்சம்பழ வடிவத்தில் விழுகிறது. ஓரத்துக் கதிர்களை ஒரே இடத்தில் சேர்க்கும் வேலையிலும் கொஞ்சம் தவறுகிறது. இரண்டும் சேர்ந்து சுழல் உண்டாகிறது.

இன்றைய லென்சுகளில் இந்தக் குறையைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நீக்கிவிடுகிறார்கள். படம் மூலைக்கு மூலை தெளிவாக இருக்கிறது. ஆனால் எல்லாப் படமும் ஒரே மாதிரியும் இருக்கிறது! பழைய லென்சில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அதைத்தான் போட்டோப் பிரியர்கள் விரும்புகிறார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சுழல் இருப்பது படத்தின் ஓரத்தில். மிகச் சிறிய சென்சார் உள்ள காமிராவில் லென்சின் நடுப்பகுதி மட்டுமே பயன்படுகிறது. ஓரம் வெட்டுப்பட்டுப் போகிறது. அதில் சுழல் அவ்வளவாகத் தெரியாது. சுழலுக்காகவே ஹீலியாஸ் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

50 எப்படி 100 ஆகும்?

லென்சின் முகத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். 35, 50, 58, 135 என்று இருக்கும். எண் குறைந்தால் அகலமான காட்சி. எண் கூடினால் தூரத்துக் காட்சி பக்கத்தில் வரும்.

பர்னாக் வகுத்த பிலிம் படத்தின் நீளம் 36 மில்லிமீட்டர் என்று பார்த்தோம். பானசோனிக், ஒலிம்பஸ் அமைப்பில் சென்சாரின் நீளம் 17.3 மில்லிமீட்டர்தான். ஏறக்குறையப் பாதி!

ஜன்னல் பாதியானால் தெரியும் தெருவும் பாதியாகும் அல்லவா? ஆகவே பழைய 50 லென்ஸ், இந்தக் காமிராவில் 100 போல வேலை செய்யும். முழுக் குடும்பத்தையும் நிறுத்தி எடுக்க முடியாது. ஆனால் ஒருவர் முகத்தை எடுக்க மிகவும் ஏற்றது. 135 லென்ஸ் 270 போல ஆகிவிடும். மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் குருவியைக்கூடப் பிடிக்கலாம்.

பிலிம் அளவுக்கே சென்சார் உள்ள காமிராக்களும் உண்டு. அவற்றில் 50 என்பது 50 ஆகவே இருக்கும். விலைதான் கூட.

எடுப்பது எப்படி?

முதலில் அடாப்டரை லென்சில் மாட்டுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துக் காமிராவில் மாட்டுங்கள்.

காமிராவைத் திறந்தால் "லென்ஸ் இல்லை" என்று அது அடம் பிடிக்கும். பழைய லென்சில் மின்சாரத் தொடர்பு கிடையாது அல்லவா? காமிராவின் பட்டியலில், 'லென்ஸ் இல்லாமலும் படம் எடு' என்று பொருள்படும் கட்டளை ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டால் அடம் தீர்ந்தது.

அடுத்தது துவாரம். லென்சின் உள்ளே இதழ் இதழாகத் தகடுகள் இருக்கும். நம் கண்ணின் பாப்பா போல அவை விரியும், சுருங்கும். லென்சின் மேல் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். சின்ன எண் என்றால் பெரிய துவாரம், வெளிச்சம் நிறைய வரும், பின்னணி கலங்கும். பெரிய எண் என்றால் சிறிய துவாரம். முன்னும் பின்னும் தெளிவாக விழும். பழகும்போது 4 அல்லது 5.6-ல் தொடங்குங்கள்.

எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுவது? அந்தக் கணக்கைக் காமிராவே போடும். காமிராவின் தலையில் உள்ள சக்கரத்தை 'ஏ' என்ற எழுத்தில் வையுங்கள். போதும்.

கடைசியில் போகஸ். இதுதான் உங்கள் கை வேலை. லென்சின் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். கலங்கிய முகம் மெல்ல மெல்லத் தெளியும். பல காமிராக்கள் இதற்கு உதவியும் செய்யும். முகத்தின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். தெளிவான இடத்தில் சிவப்புக் கோடு போட்டும் காட்டும். கண் இமை தெளிவானதும் அமுக்குங்கள்!

எந்த லென்சால், எந்தத் துவாரத்தில் எடுத்தோம் என்பது இந்தக் காமிராவுக்குத் தெரியாது. ஒரு சிறு நோட்டில் குறித்து வையுங்கள். நாலு வாரத்தில் அந்த நோட்டே உங்களுக்கு வாத்தியார் ஆகிவிடும்.

பரணில் இருப்பது எது?

வீட்டில் உள்ள எல்லாப் பழைய காமிராவிலும் லென்சைக் கழற்ற முடியாது.

'ஆக்பா கிளிக்' காமிராவில் லென்ஸ் உடம்போடு சேர்ந்தது. கழற்ற முடியாது. மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் 'யாஷிகா'வும் அப்படியே. அவற்றை உடைத்துப் பார்க்க வேண்டாம். நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனித், பிராக்டிகா, பென்டாக்ஸ் கே 1000, நிக்கான் எப்.எம். 2, யாஷிகா எப்.எக்ஸ். 3 போன்றவை இருந்தால் அதிர்ஷ்டம்! அவற்றில் லென்ஸ் கழலும். சில திருகிக் கழலும். சில பொத்தானை அமுக்கித் திருப்பினால் கழலும். ஒவ்வொரு பிடிக்கும் தனித்தனி அடாப்டர் உண்டு. ஆகவே கடைக்குப் போகும்போது லென்சையும் காமிராவையும் கையோடு கொண்டு போங்கள். இரண்டின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத சாதாரண அடாப்டரே போதும். அதுதான் விலை குறைவு.

பழைய லென்சை விலைக்கு வாங்குவதானால் நாலு சோதனை செய்யுங்கள்.

முதலாவது: பின்னால் இருந்து டார்ச் வெளிச்சம் அடித்து, சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போலவோ, செடியின் வேர் போலவோ தெரிந்தால் வாங்க வேண்டாம்.

இரண்டாவது: போகஸ் வளையத்தைத் திருப்புங்கள். இறுகியும் இருக்கக் கூடாது. லொடலொட என்றும் இருக்கக் கூடாது.

மூன்றாவது: துவாரத்தின் இதழ்களைப் பாருங்கள். எண்ணெய் கசிந்து ஒட்டியிருந்தால் அவை சரியாக விரியாது.

நாலாவது: கண்ணாடியில் கீறல் பாருங்கள். முன்பக்கம் ஒரு சிறு கீறல் இருந்தால் பாதகமில்லை. பின்பக்கக் கண்ணாடியில் கீறல் இருந்தால் படம் கெடும்.

கண்ணைக் குருடாக்கும் எதிரி

டார்ச் அடித்தால் தெரியும் அந்த வலைதான் பூஞ்சணம். ஊறுகாய் ஜாடியில் படருவதும் இதன் உறவுதான். ஈரமும் இருட்டும் இருந்தால் லென்சின் உள்ளேயும் படரும். நாளடைவில் கண்ணாடியின் மேல் பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது.

நம் ஊர் மழைக்காலத்தில் இந்த ஆபத்து அதிகம். கடலோர ஊர்களில் இன்னும் அதிகம்.

இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. லென்சைத் தோல் பைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைக்கும். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். புதிய செருப்புப் பெட்டியில் 'சிலிகா ஜெல்' என்று ஒரு சிறு பொட்டலம் வருமே, அது ஈரத்தை உறிஞ்சும். புதிய பொட்டலங்கள் நாலைந்தைக் கூடவே போடுங்கள். பொட்டலத்தைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை லென்சை வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள். உழைக்கும் லென்ஸ் கெடாது.

பூஞ்சணம் பிடித்த லென்சை மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே காமிரா பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் கழற்றிச் சுத்தம் செய்து தருவார்.

மஞ்சள் நிற லென்ஸ்

1950-க்கும் 1980-க்கும் இடையே வந்த சில லென்சுகளில் 'தோரியம்' என்ற பொருளைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கினார்கள். ஒளியை நன்றாக வளைக்கும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். 'சூப்பர் டக்குமார்' என்ற புகழ் பெற்ற ஜப்பான் லென்சில் ஒரு வகை அப்படிப்பட்டது.

தோரியம் கதிர் வீசும் பொருள். பல ஆண்டு ஆனதும் அந்தக் கண்ணாடி தேநீர் போல மஞ்சளாகிவிடும். காமிராவில் மாட்டிப் படம் பிடிப்பதால் பயப்படும்படியான தீங்கு இல்லை. ஆனால் அப்படிப்பட்ட லென்சை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. கண்ணோடு ஒட்டி வைத்து வெகுநேரம் பார்க்கவும் கூடாது. குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கக் கூடாது.

எந்த லென்சாக இருந்தாலும் அதன் வழியே சூரியனைப் பார்க்காதீர்கள். கண் போய்விடும். வெயில் விழும் ஜன்னலில் மூடியில்லாமல் வைக்காதீர்கள். பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குவது போல அது திரைச்சீலையைப் பொசுக்கிவிடும்.

யாருக்கு ஏற்றது?

கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தைப் பிடிக்க இது ஏற்றதல்ல. வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடும்! ஓடும் குழந்தை, பந்து விளையாட்டு, பறக்கும் பறவை, இவற்றுக்குத் தானாகப் போகஸ் செய்யும் இன்றைய லென்ஸ்தான் நல்லது.

சூரியனுக்கு எதிரே பிடித்தாலும் பழைய லென்ஸ் தடுமாறும். படம் வெளுத்துப் போகும். உள்ளே பிரதிபலிக்கும் வெளிச்சத்தைத் தடுக்க லென்சுக்குப் பூச்சுப் பூசும் முறையை 1935-ம் ஆண்டில் சைஸ் கம்பெனியின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்டுபிடித்தார். ஆனால் பல அடுக்குப் பூச்சு, 1971-க்குப் பிறகே சாதாரண லென்சுகளில் பரவியது. ஆகவே பழைய லென்சுக்கு ஒரு கறுப்புக் குழல் மாட்டுங்கள். அல்லது கையால் நிழல் கொடுங்கள்.

மற்றபடி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம், கோலம் போடும் கை, கிணற்றடிப் பூ, வெயில் விழும் அடுப்படி, இவற்றுக்கு இதைவிட நல்ல லென்ஸ் இல்லை.

இன்று கைப்பேசியில் ஒரு நாளில் நூறு படம் எடுக்கிறோம். எடுத்ததை மறுபடி பார்ப்பது கிடையாது. பழைய லென்சில் அப்படி எடுக்க முடியாது. வளையத்தைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும். பாட்டியின் முகத்தை அரை நிமிஷம் உற்றுப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். அந்த அரை நிமிஷத்தை இந்த லென்ஸ் தருகிறது.

இரண்டு ராணுவங்கள் ஒரு தொழிற்சாலையைப் பங்கு போட்டன. போட்டியிட்ட தேசங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாத காமிராக்களைச் செய்தன. ஜெர்மன் மூளையில் உதித்து, ரஷியாவில் உருவான லென்ஸ், இன்று ஜப்பான் காமிராவில் உட்கார்ந்து நம் வீட்டுக் குழந்தையைப் பார்க்கிறது. நடுவே இருப்பது ஒரு சிறு வளையம்!

அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பழைய காமிராவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் தாத்தா எந்தக் கண்ணால் உங்கள் அம்மாவைச் சிறுமியாகப் படம் பிடித்தாரோ, அதே கண்ணால் உங்கள் மகளை நீங்கள் படம் பிடிக்கலாம்.